காது இல்லாத பானை

மார்ச் மாதத்தில் பச்சைப் பனியனைப் பார்த்தால் இன்றைக்கும் முதலில் அதன் மேல் இருக்கிற படத்தைத்தான் உற்றுப் பார்ப்பேன். தொண்ணூறுகளில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக, அதாவது ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு போய்ச் சேரும்வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பாக இருந்தேன். தனியாகக் கையில் கிடைத்த முதல் ஆர்டர் அயர்லாந்துக்கு. அவர்கள் நாட்டுக் காவல் புனிதர் பேட்ரிக்கின் திருநாளுக்கு ஊரே பச்சை உடுத்துமாம். அதற்கான பனியன். திருநாளுக்கு முன்னால் போய்ச் சேராவிட்டால் சரக்கும் வீண், என் வேலையும் போச்சு.

படம் ஃபேக்ஸில் வந்தது. கறுப்பும் கலங்கலுமாக ஒரு மூவிலை, அதன் கீழே நுரைத்து வழிகிற ஒரு பாத்திரம். பாத்திரம் மஞ்சள், நுரை வெள்ளை என்று ஓரத்தில் குறிப்பு. கலர் படம் கூரியரில் வருகிறது என்றும் இருந்தது. கூரியருக்குக் காத்திருக்கிற ஆளா நான்? தாராபுரம் ரோட்டில், அவிநாசிபாளையத்துப் பிரிண்டிங் பட்டறைக்குப் பறந்தேன்.

பட்டறைக்காரர் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "வில்வமுங்க! கீழ பொங்கப் பானை!"

பீஸ் செக்கிங் பார்க்கும் தூத்துக்குடிப் பக்கத்து அக்கா எட்டிப் பார்த்தார். "ஆமா சார். எங்கூர் அந்தோணியார் கோயில் திருநாளுக்கும் பொங்கல் வைப்போம்லா. கொடியேத்தம், சப்பரம், கடைசி நாள் ஊருக்கே அசனச் சோறு. அங்கயும் அப்படித்தான் இருக்கும்."

இரண்டு மதமும் சாட்சி சொன்ன பிறகு எனக்கென்ன சந்தேகம்?

பட்டறைக்காரர் பாத்திரத்தின் பக்கத்தில் வளைந்திருந்த பிடியைத் தொட்டார். "பானைக்கு எதுக்குங்க காது? ஃபேக்ஸ் மிஷின் இழுத்துருக்குமுங்க, எடுத்துடட்டுங்களா?"

"எடுத்துடுங்க," என்றேன், பெரிய மேதை மாதிரி. அவர் பானையின் வயிற்றையும் கொஞ்சம் உருட்டிவிட்டார்.

கூரியர் வந்தது. கலர் படத்தோடு ஒரு புகைப்படம்: தெரு நிறையப் பச்சைச் சட்டைகள், பேண்டு வாத்தியம், கூத்தாட்டம், ஒவ்வொரு கையிலும் காது வைத்த கண்ணாடிக் குவளை. உள்ளே மஞ்சள், மேலே நுரை. பீர்!

டிவிஎஸ் மொபெட்டில் ஏறி மிதித்தேன். பாதி வழி போன பிறகுதான் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே இல்லை என்பது தெரிந்தது. அங்கே மொத்தச் சரக்கும் அச்சாகி, கொடிக்குக் கொடி பொங்கல் பானையாகத் தொங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"புனிதர் பேர்ல குடியா? ஏசுவே!" அக்கா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

பட்டறைக்காரர் சிரித்தார். "நம்மூரு கோயில் நோம்பில கெடா வெட்டுன மத்தியானம் நடக்கறதுதானுங்க. நாம படம் போட்டு மாட்டிக்கறதில்ல, அவ்வளவுதான்."

"அண்ணா, என் வேலை போயிரும்ணா!"

"அழுவாதீங்க. எடுத்த காத திருப்பி வெச்சுட்டாப் போச்சு."

காதுக்கு மட்டும் தனியாக ஓர் அச்சு ஸ்கிரீன் போட்டார். ஒவ்வொரு பானைக்கும் காது குத்து விழா நடந்தது. அக்கா ஒவ்வொரு பீஸாக என் முகத்துக்கு நேரே விரித்தார்: "இது பீர்தான சார்? நல்லாப் பாத்துச் சொல்லும்!" நான் ஒவ்வொன்றுக்கும் பயபக்தியோடு தலையாட்டினேன்.

சரக்கு திருநாளுக்குள் போய்ச் சேர்ந்தது. பதிலுக்கு ஃபேக்ஸ் வந்தபோது பயத்தில் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். திருப்பிப் படித்தால், தொப்பை வைத்த குவளை யாருடைய யோசனை, அடுத்த வருஷமும் அதுவே வேண்டும் என்றிருந்தது! கூடவே ஒரு புது ஆர்டர், இங்கிலாந்தின் காவல் புனிதர் ஜார்ஜுக்கு. அது ஏன் இவ்வளவு சின்னது என்று கேட்டேன். அங்கே பாதிப் பேருக்கு அந்த நாள் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது என்றார் ஆர்டர் கொடுத்த பையர். அதே புனிதருக்கு ஸ்பெயினின் ஒரு மூலையில் ரோஜாவும் புத்தகமும் பரிசு கொடுத்துக்கொள்வார்களாம்.

ஃபேக்ஸில் வந்த படத்தோடு பட்டறைக்கு ஓடினேன். குதிரை மேல் ஒரு வீரன், கையில் ஈட்டி.

"அட, நம்ம கருப்பராயன் சாமிங்களே!" பட்டறைக்காரர் பென்சிலை எடுத்தார். "ஈட்டிக்குப் பதிலா அருவா ஒண்ணு குடுத்துடட்டுங்களா?"

"கையை எடுங்கண்ணா!" என்று பாய்ந்து பென்சிலைப் பிடுங்கினேன். "மொதல்ல கூரியர் வரட்டும்!"