கீழ்வீட்டு அம்மா படியேறி வந்த ஞாயிறு

சில வருடங்களுக்கு முன், மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், சுவிஸின் பாடன் நகரத்தில் நாங்கள் இருக்கும் மாடிக் குடியிருப்பில் நடந்தது இது. நான் இங்கே முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறேன். அங்கே சலவைப் பகுதியில் எரித்திரியாவிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். நிறைமாதம். கணவர் அப்போது சூடானில் அகதி முகாமில். மூன்று வயது மகளோடு தனியாகத்தான் காலம் தள்ளினாள்.

அன்று காலை, குறித்த நாளுக்கு முந்தியே அவளுக்கு வலி கண்டுவிட்டது. வேறு ஆளில்லாமல் மகளைக் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தாள். அம்புலன்ஸ் எங்கள் வாசலிலிருந்துதான் அவளை ஏற்றிப்போனது.

பிள்ளை வீட்டுக்குள் வரவே மாட்டேன் என்றது. மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியது. என் தமிழும் அதற்கு விளங்கவில்லை, இங்கே பேசும் டொச், அதாவது ஜேர்மன் மொழியும் விளங்கவில்லை. தூக்கப் போனால் கடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே சத்தம் கேட்கும் என்று வெற்றுப் போத்தலைத் தொட்டியில் போடக்கூட யாரும் வெளியே போவதில்லை. அவ்வளவு அமைதி பார்ப்பார்கள். அதிலும் கீழ்வீட்டில் தனியாக இருந்த வயதான சுவிஸ் அம்மா, நாங்கள் கதிரையை இழுத்தாலே கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் தட்டுகிறவர். வீட்டு நிர்வாகத்துக்கு எங்களைப் பற்றி எழுதியும் போட்டிருந்தார்.

அவர் படியேறி வருவதைக் கண்டேன். இன்னொரு முறைப்பாடு போனால் வீட்டை விடச் சொல்லிவிடுவார்களோ என்று பயம். நடந்ததை அவசர அவசரமாகச் சொன்னேன். அவர் பிள்ளைக்கு இரண்டு படி கீழே, குளிர்ந்த சீமெந்தில் மெல்ல இருந்தார்.

"இழுக்காதையுங்கோ. தாய் போன வழியைத்தான் பாக்கிறாள். கீழை வாசல் கதவைத் திறந்து விடுங்கோ" என்றார் டொச்சில்.

திறந்துவிட்டேன். பனிக்காற்று படிக்கட்டு முழுக்க ஏறியது. அவர் எழும்பவில்லை. மத்தியானமளவில் பிள்ளை கத்திக் களைத்து, தானாகவே இறங்கி அவர் பக்கத்தில் வந்து இருந்தது. தெருவைப் பார்த்தபடியே அவர் சொன்னார்:

"என்னை அஞ்சு வயசிலை அம்மாவிட்டை இருந்து பிரிச்சு, ஒரு பண்ணையிலை வேலைக்கு விட்டவை. கத்துறன் எண்டு கதவைப் பூட்டிப்போட்டினம்."

ஒரு காலத்தில் ஏழைப் பிள்ளைகளை இந்த நாட்டில் அப்படிச் செய்தார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

அன்று பின்னேரமே ஆண் குழந்தை சுகமாகப் பிறந்தது. தாய் வீட்டுக்கு வரும்வரை மகள் எங்களோடு படுத்தாள், பகலில் கீழ்வீட்டில் விளையாடினாள். அதற்குப் பிறகு ஒருநாள் அந்த அம்மா வந்து, இப்படிப் பிள்ளையை விட இடமில்லாத ஆட்கள் இன்னும் இருக்கிறார்களா என்று கேட்டார். இருந்தார்கள். டொச் வகுப்புக்கோ வைத்தியரிடமோ தனியாகப் போகமுடியாத எரித்திரிய, சோமாலியத் தாய்மார். முதலில் அவருடைய வரவேற்பறையில் பிள்ளைகளைப் பார்த்தோம். இடம் காணாமல் தேவாலய மண்டபத்துக்குப் போனோம். முறையான சங்கமாக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர்தான். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. இன்று பக்கத்து ஊர்களிலும் அது இயங்குகிறது. அதை நடத்துவது அந்த எரித்திரியப் பெண். கணவரும் வந்து சேர்ந்துவிட்டார். நான் சனிக்கிழமைகளில் சமைக்கப் போவேன்.

கீழ்வீட்டு அம்மா போன வருடம் காலமானார். தேவாலயத்தில் நடந்த இறுதிச் சடங்குக்கு உறவென்று ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் மட்டும் வந்திருந்தார். மற்ற வாங்குகள் முழுக்க வெள்ளைச் சால்வை போர்த்த ஆபிரிக்கப் பெண்களும் பிள்ளைகளும். பேசியவர்கள் எல்லாரும் அவர் அகதிகளுக்குச் செய்த உதவியைச் சொன்னார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த உதவியில் ஒரு பங்கு, பண்ணை வீட்டில் பூட்டிவைக்கப்பட்ட அந்த ஐந்து வயதுச் சுவிஸ் பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்தது என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.