லியாங் ஐயாவின் கஷாயத்துக்காக ஹூஸ்டன் வரை

ஏப்ரல் முதல் வாரம், ஒரு சனிக்கிழமை, நானும் எங்கள் டாக்டரும் டெக்சாஸில் இர்விங்கிலிருந்து ஹூஸ்டனுக்கு ஒரே நாளில் போய்த் திரும்பினோம். அந்தப் பக்கம் போகிறவர்கள் விண்வெளி மையம் பார்ப்பார்கள், பேர்லாண்டு கோவிலில் சாமி கும்பிடுவார்கள், ஹில்க்ராஃப்டு இந்தியக் கடைகளில் ஒரு மாத மளிகையை டிக்கியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். நாங்கள் ஒரு கஷாயப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, அதில் என்ன இருக்கிறது என்று கேட்கப் போனோம். வீட்டில் யாருக்காவது கடைசிக் கட்டப் பராமரிப்பு நடக்கிறது, கூடவே நாட்டு மருந்தும் ஓடுகிறது என்றால் இந்தப் பதிவு உங்களுக்குப் பயன்படலாம்.

நான் ஜெசி, ஹாஸ்பிஸ் நர்ஸ். ஊர் மார்த்தாண்டம். இனி குணமாக வழியில்லை என்றான பிறகு, நோயாளியை அவர் வீட்டிலேயே வலியில்லாமல் வைத்துக்கொள்ள உதவுவதுதான் எங்கள் குழுவின் வேலை. குழுவின் டாக்டர் தயாளினி, யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பத்தைந்து வயது, கறார் பேச்சு. நோயாளியின் படுக்கையில் உட்கார்ந்து பேசுகிற டாக்டரை நான் இவரிடம்தான் முதலில் பார்த்தேன்.

லியாங் ஐயா எங்கள் நோயாளி. (பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர் மகள் கிரேஸ் அனுமதி கொடுத்த பிறகே எழுதுகிறேன்.) சீனர், எண்பது வயது, கணையப் புற்றுநோய். மார்ச் கடைசியில் ஒரு காலை அவர் தலையணையில் ரத்தக் கறை பார்த்தேன். ஈறிலிருந்து வடிந்திருந்தது. காலில் ரத்தக்கட்டி வந்ததிலிருந்து அவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். ஆனால் அந்த அளவு மாத்திரைக்கு இப்படி வடியக் கூடாது. கிரேஸை விசாரித்தேன். ஒன்றுமில்லை என்றாள். பிறகு அவளே என்னை கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சின்ன மின்சார அடுப்பின் மேல் ஒரு மண்சட்டி. கறுப்பாக ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. முன்பு வந்த வேறொரு நர்ஸ் சத்தம் போட்டதால் சமையலறையிலிருந்து சட்டி கராஜுக்குப் போயிருந்தது.

டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் மறுநாள் நான் மார்ஃபின் கொடுக்கப் போனபோது லியாங் ஐயா வாயை இறுக மூடிக்கொண்டார். "என் மருந்து வேண்டாம்னா உங்க மருந்தும் வேண்டாமாம்," என்று கிரேஸ் அழுதுகொண்டே மொழிபெயர்த்தாள். வலியில் அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. மூன்று நாள் அப்படியே போயிற்று. கிரேஸ் கெஞ்சும்போது மட்டும் ஒன்றிரண்டு வேளை விழுங்கினார்.

எங்கள் குழுக் கூட்டத்தில் ஆளுக்கொரு கருத்து. ஃபார்மசிஸ்ட், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத எதையும் அனுமதிக்க முடியாது என்றார். குளிப்பாட்ட வரும் ஃபிலிப்பினோ அக்கா, தன் அம்மாவுக்கு அக்குபங்சர் ஊசி மருத்துவத்தில் குமட்டல் நின்றதைச் சொன்னார். கடைசி நாட்களில் அவர் ஆசைப்பட்டதைக் குடிக்கட்டுமே என்றார் சோஷியல் வொர்க்கர். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரத்தம் வடியுது. நான் பேசாமல் இருக்கேலுமோ?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "இதை எழுதிக் குடுத்தது ஆர்? எங்க இருக்கினம்?" என்று கேட்டார்.

ஹூஸ்டன் பெல்லேர் சாலையில் மிஸ் ஹுவாங் என்ற சீன மருத்துவர். கிரேஸ் ஃபோன் செய்து, அப்பாவின் விவரங்களை எங்களோடு பேச அனுமதி கொடுத்தாள். மருந்தைக் கண்ணால் பார்க்காமல் எதுவும் சொல்ல மாட்டேன், எடுத்து வாருங்கள் என்றார் ஹுவாங். டாக்டரின் அக்கா ஹூஸ்டனை ஒட்டிய சுகர்லாண்டில் இருக்கிறார், எப்படியும் ஒருமுறை போகவேண்டியிருந்தது. நான் டிரைவ் பண்ணுகிறேன் என்றேன்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஐ-45 நெடுஞ்சாலையைப் பிடித்தால் நேர் தெற்கு, சுமார் இருநூற்று ஐம்பது மைல். என்னிஸ் தாண்டும்போது சாலையோரம் முழுக்க நீலப் பூக்கள். ஏப்ரல் தொடக்கத்தில் போகிறவர்கள் அங்கே பத்து நிமிடம் இறங்கிப் பாருங்கள். டாக்டர் இறங்கவில்லை. ஃபோனில் சீன மூலிகைகளைப் படித்துக்கொண்டே வந்தார். "ஜெசி, சிலதுக்கு நல்ல ஆராய்ச்சி இருக்கு. சிலதுக்கு ஒண்டுமே இல்லை. ரெண்டையும் ஒரே சட்டியில போட்டுக் காய்ச்சினால் நான் என்னத்தை நம்புறது?" என்றார். ஹன்ட்ஸ்வில்லில் காபி குடித்தோம். வழியில் சுத்தமான கழிப்பறை வேண்டுமென்றால் பெரிய பெட்ரோல் நிலையங்களில் மட்டும் நிறுத்துங்கள். பத்தரைக்கு பெல்லேர் வந்து சேர்ந்தோம்.

ஒரு பேக்கரிக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் ஹுவாங்கின் கிளினிக். உள்ளே காய்ந்த ஆரஞ்சுத் தோல் வாசனை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள். அவருக்கு அறுபது வயதிருக்கும். குவாங்சோவில் புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருந்தவர், பிறகு சீன மருத்துவம் படித்து இங்கே லைசென்ஸ் எடுத்தவர். வாரத்தில் இரண்டு நாள் ஒரு ஆஸ்பத்திரியில் கீமோ நோயாளிகளுக்குக் குமட்டல் குறைய அக்குபங்சர் ஊசி குத்துகிறார்.

பொட்டலத்தைப் பிரித்து வெள்ளைக் காகிதத்தில் பரப்பினார். குச்சியால் ஒவ்வொன்றாக ஒதுக்கினார். அவர் முகம் மாறியது.

"இது போன இலையுதிர் காலத்துல நான் எழுதினது. அப்போ அவருக்குக் கீமோ நடந்துட்டிருந்தது. ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை எப்போ ஆரம்பிச்சீங்க?"

"ஜனவரியில்," என்றார் டாக்டர்.

மரச்சீவல் போலிருந்த ஒரு வேரை ஹுவாங் தூக்கிக் காட்டினார். "இதுவும் அந்த மாத்திரையும் சேரவே கூடாது. மகள் ஃபோன்ல கேட்கக் கேட்க நாங்க தபால்ல அனுப்பிட்டே இருந்திருக்கோம். நான் கேட்டிருக்கணும்." டாக்டரை நேராகப் பார்த்தார். "நீங்களும் கேட்டிருக்கணும்."

டாக்டர் சண்டைக்குப் போவார் என்று நினைத்தேன். "ஓம், கேட்டிருக்க வேணும்," என்று ஆங்கிலமும் தமிழுமாகச் சொல்லிவிட்டு நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் அந்த இரண்டு பேரும் பேசியதைக் கேட்க எனக்குக் கொடுத்து வைத்திருந்தது. டாக்டர் வளைத்து வளைத்துக் கேட்டார். குமட்டலுக்கு ஊசி உதவுவதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு, வலிக்குச் சிலருக்கு உதவும், புற்றுநோயைக் கரைக்கும் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள் என்றார் ஹுவாங். டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்து, உள்பக்க மடிப்புக் கோட்டிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் தள்ளி, இரண்டு நரம்புக்கு நடுவே, குமட்டலுக்கான இடத்தை அழுத்திக் காட்டினார்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லையே," என்றார் டாக்டர். நான் மொழிபெயர்த்தேன்.

"உங்களுக்குத்தான் குமட்டலே இல்லையே!" என்று ஹுவாங் சிரித்தார்.

புதிய பொட்டலத்தில் இஞ்சி, ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் சிவப்புப் பேரீச்சை, அவ்வளவுதான். டாக்டர் அங்கிருந்தே எங்கள் ஃபார்மசிஸ்டைக் கூப்பிட்டார். சமையலறைச் சாமான்தானே, சில மடக்கு என்றால் பரவாயில்லை என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

பிறகு ஹுவாங் வீடியோவில் லியாங் ஐயாவைக் கூப்பிட்டார். கான்டனீஸில் நீளமாகப் பேசினார், நடுவில் அதட்டினார். திரையில் லியாங் ஐயாவின் முகம் வற்றிப்போயிருந்தது. பக்கத்திலிருந்த கிரேஸ் எங்களுக்குச் சொன்னாள்: "மார்ஃபின் எதுலருந்து வருது தெரியுமா, அதுவும் செடிதான், அதையும் மரியாதையா சாப்பிடுங்கனு திட்டறாங்க." லியாங் ஐயா ஏதோ முணுமுணுத்தார். கிரேஸ் தயங்கினாள். "அப்பா ஒரு கண்டிஷன் போடறார். அவர் இவ்வளவு நாளா டாக்டரோட மருந்தைக் குடிச்சாராம். டாக்டர் ஒரு தடவை அவரோடதைக் குடிக்கணுமாம்."

"குடிப்பன் எண்டு சொல்லு பிள்ளை," என்றார் டாக்டர், மறுகணமே. கிரேஸுக்கு அது புரியவில்லை. தலையசைப்பு புரிந்தது.

மதியம் ஹில்க்ராஃப்டுக்கு வந்து சாப்பிட்டோம். பெல்லேரிலிருந்து பத்து நிமிட டிரைவ். சாப்பாடு ஆளுக்குப் பதினாறு டாலர், ரசம் நன்றாக இருந்தது. சுகர்லாண்டில் டாக்டரின் அக்காவிடம் ஒரு டீ குடித்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பினோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டாக்டருக்கு விடுமுறை, இருந்தும் வந்தார். மணிக்கட்டில் எந்த இடத்தை அழுத்த வேண்டும் என்று கிரேஸுக்குச் சொல்லித் தந்தார். கிரேஸ் கராஜிலிருந்த மண்சட்டியைச் சமையலறைக்குக் கொண்டுவந்து காய்ச்சினாள். வீடு முழுக்க வாசனை. லியாங் ஐயா கண்ணை மூடிக்கொண்டு அதை இழுத்து இழுத்து முகர்ந்தார். ஒரு சின்னக் கிண்ணத்தை டாக்டரிடம் நீட்டச் சொன்னார். டாக்டர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு முகத்தை அஷ்டகோணலாக்கினார். லியாங் ஐயா சிரித்தார், சத்தமில்லாமல், தோள் குலுங்க. தானும் இரண்டு கரண்டி குடித்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, மார்ஃபினுக்காக உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

ஈறில் ரத்தம் அந்த வாரமே நின்றது. குமட்டல் முழுதாகப் போகவில்லை, குறைந்தது. மணிக்கட்டை அழுத்தியதாலா, இஞ்சியாலா, நாங்கள் மாற்றிக் கொடுத்த குமட்டல் மாத்திரையாலா என்று டாக்டரைக் கேட்டேன். "தெரியாது. தெரியாது எண்டு சொல்லுறதுதான் நேர்மை," என்றார். மே மாதத்தில் ஒரு மத்தியானம் லியாங் ஐயா போய்ச் சேர்ந்தார். வலியில்லை. கிரேஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏதாவது செய்ய என் கைக்கு ஒரு வேலை இருந்ததே, அது போதும் என்று பிறகு சொன்னாள்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: இந்த மாதிரி மருத்துவரிடம் போகும்போது எல்லா மாத்திரை பாட்டில்களையும் அப்படியே எடுத்துப் போங்கள், பெயரை நினைவிலிருந்து சொல்லாதீர்கள். மாநில லைசென்ஸ் சுவரில் மாட்டியிருக்கிறதா பாருங்கள். ஹுவாங்கிடம் ஆலோசனைக்கு எண்பது டாலர், இன்ஷூரன்ஸ் செல்லாது. முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள், சனிக்கிழமை பதினொரு மணிக்கு மேல் அந்தக் கடை வளாகத்தில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. மிக முக்கியமானது, வீட்டில் என்ன கொடுத்தாலும் உங்கள் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். திட்டினால் வேறு நர்ஸைக் கேளுங்கள்.

நாட்டு மருந்து விஷயத்தில் எங்கள் குழுவில் இன்றும் ஆளுக்கொரு கருத்துதான். ஹுவாங்கும் எங்கள் ஃபார்மசிஸ்டும் இப்போது வாரம் ஒருமுறை ஃபோனில் சண்டை போட்டுக்கொள்கிறார்கள், மிக மரியாதையாக.

போன வாரம் டாக்டரோடு லாஸ் கொலினாஸ் பக்கம் ஒரு தமிழ் வீட்டுக்குப் போனேன். கும்பகோணத்து அங்கிள், நுரையீரலில் வந்து எலும்பு வரை பரவியது. எல்லாவற்றையும் பரிசோதித்து முடித்த பிறகு டாக்டர் அவர் படுக்கையில் உட்கார்ந்துகொண்டு, ஆன்ட்டியைப் பார்த்து, "வேற என்ன குடுக்கிறீங்கள்? சொல்லுங்கோ, நான் ஏச மாட்டன்," என்றார்.

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். அங்கிளைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பின்னாலிருந்து ஒரு லேகிய டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார்.