மரியம் ராத்தாவின் பொத்தான் துளைகள்

செய்தி வந்தபோது நான் சீத்தைத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் மோதினார் குடையை மடக்காமலே கடைப் படியேறி வந்து, "மரியம் ராத்தா மௌத்தாப் போய்ட்டாங்க. அஸருக்குப் பொறகு அடக்கம்" என்றார். கத்தரிக்கோல் துணியில் பாதி ஓடியிருந்தது. மீதியையும் வெட்டி, மடித்து, காத்திருந்த பெண்ணின் கையில் கொடுத்துவிட்டுத்தான் கடையைச் சாத்தினேன். எங்கள் மலைநாட்டு ஊரின் கொழும்புத் தெருவில் தூறலில் நடந்துபோகும்போது ஒன்று உறைத்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஒன்றாக வேலை செய்த அந்த மனுஷியின் முகம் எனக்குத் தெரியாது.

கட்டுக்கலைப் பக்கத்தில், சிறியவர் பெரியவர் எல்லாருக்கும் அக்காவான அந்த ராத்தாவைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் அறிந்ததைவிட அவரை நான் நன்றாக அறிந்தவன் என்றொரு இறுமாப்பு எனக்கு இருந்தது. அது எப்படி உடைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவர் பிறந்தது கலகெதரையில். கணவர் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி விற்றவர். காய்ச்சலில் அவர் இறந்தபின் ராத்தா ஊசியைக் கையில் எடுத்தார். நான் கடை தொடங்கிய புதிது. பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் சட்டை, கவுன், தலையணை உறை என்று என் கடைக்கு வருகிற தையல் எல்லாம் அவரிடம் போகும். முன்னறைக் கதவில் ஒரு திரை. நான் இந்தப் பக்கம் கதிரையில் உட்கார்ந்திருப்பேன், அவர் அந்தப் பக்கம். நடுவில் பன்புல்லால் முடைந்த ஒரு பெட்டி. துணியை வைத்து நான் தள்ளுவேன், தைத்ததை வைத்து அவர் தள்ளுவார். எங்கள் பழக்கமெல்லாம் அந்தப் பெட்டி வழியாக நடந்ததுதான்.

முகம் தெரியாவிட்டால் என்ன, தையல் தெரியுமே என்று இருந்தேன். நீள ஓட்டத்தை யார் வேண்டுமானாலும் நேராகத் தைத்துவிடலாம். ஆள் அகப்படுகிற இடம் பொத்தான் துளை. ராத்தாவின் பொத்தான் துளை, ஓரத்தில் நூல் நூலாக நெருங்கி, அரிசியை வரிசையாக அடுக்கி வைத்ததுபோல் இருக்கும். பத்துப் பேர் தைத்த சட்டைகளைக் குவித்துப் போட்டு என் கண்ணைக் கட்டிவிட்டாலும், விரலால் தடவியே அவருடையதை எடுத்துவிடுவேன் என்று கடைக்கு வருபவர்களிடம் பீற்றிக்கொள்வேன். ஒருமுறை எடுத்தும் காட்டியிருக்கிறேன்.

கடையில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளை அவர் கேட்டு வாங்கிக்கொள்வார். அவற்றை ஒட்டுப்போட்டுக் கைக்குழந்தைகளுக்குப் போர்வை தைப்பார். கணவர் ஏறி இறங்கிய தெல்தோட்டைக்குத்தான் அவை போகும். ஒருநாள் நான் இருக்கும்போது மீனாட்சி என்றொரு பெண் வந்தாள், கொழுந்து பறிக்கிறவள், நிறைமாதம். ராத்தா திரைக்குக் கீழே மூன்று போர்வைகளைத் தள்ளினார். அவள் மூன்றையும் விரித்தாள், உதறினாள், முகத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு, "செவப்புக் கரை வச்சது ஒண்ணு இருந்தாக் குடுங்கம்மா" என்றாள். சும்மா கொடுப்பதில் பொறுக்கலா என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ராத்தா அடுத்த கிழமை வரச் சொல்லி அவளை அனுப்பிவிட்டார். நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது.

"தம்பி, ஒங்கட கடைக்கு வாறவங்க எத்தின துணிய விரிச்சுப் பாக்கிறாங்க?"

நாலைந்தாவது பார்ப்பார்கள் என்றேன்.

"அவ மூணுதானே பாத்தா."

அன்றே என்னிடம் சிவப்புத் துண்டு கேட்டார். நானும் முகத்தைத் தூக்கிக்கொண்டே போய் எடுத்துக் கொடுத்தேன்.

ஹாஜியார் விஷயம் இதைவிடப் பெரியது. பெயர் வேண்டாம், நல்ல மனிதர், தாராளமாகக் கொடுப்பவர். ஒவ்வொரு நோன்பிலும் என் கடையில் நீலக் கோடு போட்ட துணியைக் கட்டுக் கட்டாக எடுத்து, ஏழைப் பிள்ளைகள் நாற்பது பேருக்கு ராத்தாவிடம் சட்டை தைக்கக் கொடுப்பார். பெருநாள் காலையில் தொழுகைக்கு வந்தால் நாற்பது பிள்ளைகளும் ஒரே நீலக் கோட்டுச் சட்டையில் நிற்பார்கள். ஹாஜியார் வாசலில் நின்று பார்த்து மகிழ்வார். மற்றப் பிள்ளைகள் அவர்களுக்கு "ஹாஜியார் கோடு" என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். யார் வீட்டில் அந்த ஆண்டு முடியவில்லை என்பதை ஊரே சட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. ராத்தாவின் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு, வெளியே வரமாட்டேன் என்று கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டானாம். அதை ராத்தா என்னிடம் சொன்னபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதுச்சட்டை கிடைத்ததே என்றுதான் சொன்னேன்.

மறு ஆண்டு வழக்கம்போல் துணி போயிற்று. பெருநாள் காலையில் ஹாஜியார் வாசலில் நின்றார். தேடினார். ஒரு கோட்டுச் சட்டையையும் காணவில்லை. அடுத்த நாள் என் கடைக்கு வந்து, வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, "தம்பி, என்ட துணி எங்க?" என்று கேட்டார். துணியை நான் வேறு யாருக்கோ விற்றுவிட்டேன் என்பதுதான் அந்தக் கேள்வியின் பொருள். துணிக் கடைக்காரனுக்கு இருப்பது ஒரு பெயர்தானே? ஹாஜியாரைக் கையோடு அழைத்துக்கொண்டு கட்டுக்கலைக்குப் போனேன்.

ராத்தா நிதானமாகத்தான் பேசினார். துணி ஒரு முழமும் வெளியே போகவில்லை, நாற்பது பிள்ளைகளும் உடுத்திக்கொண்டுதான் தொழ வந்தார்கள் என்றார். சிலவற்றைத் தேயிலைச் சாயத்தில் போட்டுக் கபில நிறமாக்கியிருந்தார். சிலவற்றில் கோட்டைக் குறுக்காகத் திருப்பியிருந்தார், சிலவற்றை உட்புறம் வெளியே வரத் தைத்திருந்தார். ஒன்றுக்கு வட்டக் கழுத்து, ஒன்றுக்கு வெள்ளைப் பை, ஒன்றுக்குக் கரை. இரண்டு சட்டை ஒன்றுபோல் இல்லை. நோன்பு பிடித்துக்கொண்டு, இருந்த வேலையை இரண்டு மடங்காக்கிக்கொண்டிருக்கிறார். ஹாஜியாருக்கு முகம் சிவந்துவிட்டது. யாரைக் கேட்டுச் செய்தாய் என்றார்.

"ஹாஜியார், நீங்க புள்ளைங்களுக்கு உடுப்புக் குடுத்தீங்களா, ஒங்களுக்குக் கொடி கட்டினீங்களா?"

அவர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார், எழுந்து போய்விட்டார். அடுத்த நோன்புக்கு என் எதிர்க்கடையில் துணி எடுத்தார். அந்தக் கடையில் அவர் ஏழெட்டு நிறத்தில் எடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். நல்லதுதான், ஆனால் என் பெரிய வாடிக்கை போயிற்று.

எனக்கு ராத்தா மேல் கோபம். உள்ளதைச் சொல்கிறேன், கடுங்கோபம். என்னிடம் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாமே! அவர் சமாதானமாக ஒரு பீங்கான் நிறைய வட்டிலப்பம் அனுப்பினார். வந்த பீங்கானை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. கொஞ்சம் சீனியாவது, இரண்டு வாழைப்பழமாவது வைத்துத்தான் அனுப்புவோம். நான் வட்டிலப்பத்தைத் தின்றுவிட்டு, வெறும் பீங்கானை அனுப்பச் சொன்னேன். மனைவி ஸபிய்யா தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு மாதம் தையலை வேறு ஆட்களிடம் கொடுத்துப் பார்த்தேன். அவர்களுடைய பொத்தான் துளைகளைப் பார்க்கச் சகிக்கவில்லை. திரும்பிப் போய்க் கதிரையில் உட்கார்ந்தேன். "வாங்கோ தம்பி" என்று பெட்டி வந்தது. வெறும் பீங்கானைப் பற்றி அவர் கடைசிவரை பேசவேயில்லை.

பிறகு தேயிலை விலை விழுந்த காலம் வந்தது. தோட்டங்களில் ஆட்களைக் குறைத்தார்கள், மலையிலிருந்து இறங்கித் துணி வாங்குவோர் நின்றுபோனார்கள். கடை நிறையக் கடனுக்கு எடுத்த துணி இருந்தது, எடுத்துக் கிழிக்க எனக்குத்தான் வழியில்லை. அந்த ஆண்டு என் மூன்று பிள்ளைகளுக்கும் பெருநாள் உடுப்பு இல்லை என்று முடிவு செய்தேன். துணிக் கடைக்காரன் பிள்ளைகள் பழைய உடுப்பில் தொழப் போனால் ஊர் என்ன சொல்லும் என்று நினைத்து நினைத்துக் கடைக் கணக்கை இரவில் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். ஸபிய்யா, "பழசு எதையாவது வெட்டி நான் தைச்சுப் பாக்கிறன்" என்றாள். அவள் தைத்து நான் கண்டதில்லை. ஆனாலும் பெருநாள் காலையில் மூன்று பிள்ளைகளும் புது உடுப்பில் வந்து நின்றார்கள். பெரியவளுக்குக் கரை வைத்த நீலக் கவுன், நடுவிலவளுக்கு மஞ்சள், சின்னவனுக்குக் கபில நிறச் சட்டை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சின்னவனைப் பிடித்து நிறுத்திப் பொத்தான் துளையைத்தான் முதலில் பார்த்தேன், பழக்கதோஷம். நான்கும் கோணல். நூல் ஓரிடத்தில் நெருங்கி, ஓரிடத்தில் விலகிக் கிடந்தது. முதல் முறை தைத்தவள்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று தலை நிமிர்ந்து தொழப் போனேன். பெருநாள் கழிந்து ராத்தா வீட்டுக்குப் போனபோது பெருமை தாங்கவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு தையல்காரி இருக்கிறாள் என்று திரையைப் பார்த்துச் சொன்னேன்.

"பொத்தான் ஓட்டை எப்பிடித் தைச்சிரிக்காங்க?" என்று கேட்டார்.

"அதுதான் கொஞ்சம் கோணல், ராத்தா. ஒங்கட கை வருமா?"

"பழகினாச் சரியாப் போகும் தம்பி" என்றார். திரைக்குப் பின்னால் அவர் சிரித்த மாதிரி இருந்தது. என் மனைவியின் தையலைப் பார்த்துப் பெரிய தையல்காரிக்கு ஒரு இளக்காரம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ராத்தா வீட்டில் கத்தம் ஓதிச் சோறு கொடுத்தார்கள். ஸபிய்யா பெண்கள் பக்கம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். முகம் கழுவக்கூட இல்லை, நேரே அலுமாரியைத் திறந்து அடித்தட்டிலிருந்து அந்தக் கபில நிறச் சட்டையை எடுத்து என் மடியில் வைத்தாள். சின்னவன் இப்போது வளர்ந்துவிட்டான், அவன் கைகூட அதற்குள் போகாது.

"இது நான் தைச்சதில்ல. மூணும் மரியம் ராத்தா தைச்சது. அவங்க உசிரோட இரிக்கிற வரைக்கும் சொல்லமாட்டன் எண்டு வாக்குக் குடுத்திருந்தன்."

நான் நம்பவில்லை. இது ராத்தாவின் கையே இல்லை, எனக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

"ஒங்களுக்குத் தெரியும் எண்டுதான் பொத்தான் ஓட்டை எல்லாத்தையும் எடக்கையால தைச்சாங்க."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்த நோன்பில் நான் ஊரார் பிள்ளைகளின் அளவையெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தும், என் பிள்ளைகளின் அளவைக் கொண்டுவரவில்லை என்பதை ராத்தா கவனித்திருக்கிறார். அளவுக்காக மூன்று பிள்ளைகளின் பழைய உடுப்பில் ஒவ்வொன்று அனுப்பச் சொல்லி ஸபிய்யாவுக்கு ஆள் விட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்தால் நான் வெட்கத்தில் செத்துப் போவேன் என்று இவள் மறுத்திருக்கிறாள். அப்படியென்றால் எனக்குத் தெரிய வேண்டாம் என்று ராத்தாவிடமிருந்து பதில் வந்திருக்கிறது. துணி என் கடைத் துண்டுகள்தான். நானே வெட்டி, நானே பெட்டியில் வைத்துத் தள்ளியவை. கவுன்களில் அவற்றை ஒட்டுப்போட்டு, சட்டையைச் சாயத்தில் போட்டதும் எனக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று. அதே தேயிலைச் சாயம்! அதைப் பற்றி ஹாஜியாரோடு உட்கார்ந்து கேட்டவன் நான்தானே. ஒரு துளைக்கு ஒரு பகல் போயிற்றாம், இடக்கை விரலெல்லாம் ஊசி குத்திய புள்ளியாம்.

நான் சட்டையை எடுத்து ஒவ்வொரு துளையாக விரலால் தடவினேன். அழுதேன் என்று எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை. அவர் வேலையை விரலால் தடவியே கண்டுபிடிப்பேன் என்று ஊரெல்லாம் சொன்னவன், அவர் எனக்காகவே செய்ததைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கோணல் என்றேன். அதையும் அவரிடமே போய்ச் சொன்னேன்.

அவரை அறிந்தவர்களே, மரியம் ராத்தா யார் யாருக்குக் கொடுத்தார் என்று நீங்கள் என்னைக் கேட்கலாம். எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டேன். ஒரு பெயரை மட்டும் சொல்ல எனக்கு உரிமை உண்டு. வாங்கியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பெருநாளில் இதைச் சொல்ல நேர்ந்திருந்தால் நான் ஊரை விட்டே போயிருப்பேன். இன்று எழுத்தில் போட முடிகிறது. இத்தனை ஆண்டும் ஒருவர் முன்னாலும் நான் தலை குனிய நேராமல் அவர் பார்த்துக்கொண்டார்.

அவர் வீட்டிலிருந்து கத்தத்துச் சோறு வந்த பீங்கானைச் சீனி நிரப்பித் திருப்பி அனுப்பினோம். சட்டையை நான் வைத்துக்கொண்டேன். அவருடைய முகம் எனக்கு இல்லை, குரல் கொஞ்ச நாளில் மங்கிவிடும். கடையில் கத்தரிக்கோல் வைக்கிற மேசை லாச்சியில் அந்தச் சட்டை இருக்கிறது. தையலுக்கு வரும் பெண்களிடம், நான் பார்த்ததில் நல்ல வேலை இதுதான் என்று எடுத்துக் காட்டுகிறேன். அவர்கள் பொத்தான் துளைகளைப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.