மேல்மலையில் திரும்பிய பாய்மரப் படகு

கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகளில் பஸ் திரும்பும்போதே வாந்திப் பையைத் தேடுகிற வயிறு எனக்கு. கடலை இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன், அதுவும் செருப்பைக் கையில் பிடித்தபடி கரையில் நின்று. இப்பேர்ப்பட்ட நான் போன வருஷம் தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றி வந்தேன். போனில்தான்.

நிஜக் கடலில் ஒற்றை ஆளாக உலகைச் சுற்றும் பந்தயம் நடக்கும்போது, அதே காற்றை வைத்துப் போனிலும் ஒரு போட்டி நடக்கும். நேரத்துக்குத் திருப்பாவிட்டால் படகு தன்பாட்டில் போய்க் கரையில் முட்டி நின்றுவிடும்.

இரண்டு மாதம் ஓட்டித் தென் அமெரிக்காவின் அடிமுனைக்கு வந்துவிட்டேன். அதைத் தாண்டினால் மிச்சமெல்லாம் வீட்டுக்கு வருகிற வழி. அன்றைக்கென்று எனக்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் பகல் வேலை. உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். என் மனைவி கொழுந்தெடுக்கும் மேல்மலையிலோ சிக்னல் அருமையாகக் கிடைக்கும்.

காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குக் கிளம்பியவளிடம் போனை நீட்டினேன்.

"பத்து மணிக்குத் தேத்தண்ணி குடிக்கையில படகை எடது பக்கம் திருப்பிவிட்டுரு புள்ள."

"நான் கொழுந்து எடுக்கவா, கப்பல் ஓட்டவா?" என்றபடி வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் அவள் வாசலில் கால் வைத்ததும் கேட்டேன். "திருப்புனியா?"

"திருப்புனேன். வலது பக்கம்."

பஸ் ஏறாமலே எனக்குத் தலை சுற்றியது. "ரெண்டு மாசப் பாடு, புள்ள!"

"கத்தாதீங்க. நீங்க சொன்ன பக்கம் போனா, போன்ல காட்டுற கோடு நேரா மண்ணுல முட்டுது. பக்கத்து நெரையில கொழுந்து எடுக்குற அஞ்சு பேரும் பாத்தாங்க. கங்காணி வேற, 'ஒம் புருசனுக்குச் சோத்துக் கை எதுன்னு தெரியுமா?'ன்னு கேட்டாரு."

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். படகு முனையை விட்டு ஒதுங்கி, அழகாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்கு வருகிற அவசரத்தில் நான்தான் முனை வருமுன்பே திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

சில வாரம் கழித்துப் பந்தயத்தை முடித்தேன். எத்தனையாவது இடம் என்று கேட்காதீர்கள். 'தனியாக உலகைச் சுற்றியவர்' என்று திரையில் ஒரு சான்றிதழ் வந்தது. பெருமையாக அவளிடம் காட்டினேன்.

"தனியாவா?" என்றாள்.

சான்றிதழுக்குக் கீழே நாம் எழுத ஒரு கட்டம் இருந்தது. 'என் மனைவிக்கும், மேல்மலை அஞ்சு பேருக்கும், கங்காணிக்கும் நன்றி. நான் சும்மா கூடப் போனவன்' என்று தமிழிலேயே எழுதினேன். மனசார எழுதினேன்.

மறுநாள் அவள் அதை மலையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாளாம். அடுத்த தடவை எந்தப் பக்கம் திருப்புவதென்று காலையிலேயே தன்னிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னாராம் கங்காணி.