பத்தொன்பதாம் பாட்டு

புது வீட்டுக் கதவுக்கு எண் வாங்க வேங்கிக்கால் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் கொடுத்த தகர ஆறு, என் கையில் புரண்டு ஒன்பதானது.

அந்தக் குளிர்ந்த தகரம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். சாலையோரம் இருந்த எங்கள் சபையின் ஓட்டுக் கோயிலில், சனிக்கிழமை மதியங்களில் அம்மா பெருக்கிப் பாய் விரிப்பாள், அப்பா மெழுகுக் கறையைச் சுரண்டுவார், நான் ஸ்டூலில் ஏறி மறுநாள் பாடவேண்டிய பாட்டுகளின் எண்களைப் பலகையில் செருகுவேன். மூவருக்கும் அதுதான் ஊழியம். ஒருமுறை ஆறைத் தலைகீழாகச் செருகிவிட்டேன். பதினாறு பத்தொன்பதானது. பத்தொன்பது, அடக்க ஆராதனையில் பாடுவது.

பலகையில் இருப்பதைப் பாடுவதுதான் சபை வழக்கம். சவப்பெட்டி இல்லாத கோயிலில், யாருக்கென்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே, ஐந்து சரணத்தையும் இழுத்து இழுத்துப் பாடி முடித்தார்கள்.

"பாப்பா, நீயா மாத்தி வச்ச?" என்று வீட்டில் அப்பா கேட்டார்.

இல்லை என்றேன்.

"அப்ப கர்த்தர்தான் வச்சிருக்காரு," என்றாள் அம்மா.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் யார் வரவில்லை என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். யாரும் சாகவில்லை. மூன்றாம் மாதம், சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் கோயில் சுவரில் சிவப்புக் கோடு போட்டார்கள். இடித்த அன்று அம்மா அந்தப் பாட்டைத்தான் முணுமுணுத்தாள்.

இன்று தச்சர் எண்ணை ஒரே ஆணியில் மாட்டினார்.

"ரெண்டா அடிங்கண்ணா."

"ஒண்ணே போதும்மா, எங்க போவப் போவுது?"

இரண்டாவதையும் அடித்துவிட்டுப் போனார். மூன்றாவதை நானே அடித்தேன்.