வேணும்னே

பெல்ரீவ் ஊரில் பள்ளிப் பேருந்தை விட்டுவிட்டால் மற்ற பிள்ளைகள் அழுவார்கள். டெல்ரிக் மெட்டோயர் வேண்டுமென்றே விடுவான். பேருந்து ஆற்றுக்கரைச் சாலையைச் சுற்றிக்கொண்டு போக, அவன் கரும்புக்குள் புகுந்து குறுக்கே ஓடி, அடுத்த நிறுத்தத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். கதவு திறந்ததும் ஓட்டுநரிடம், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பான். மூச்சு வாங்குவதைக் காட்டாமல் கேட்பதுதான் வித்தை. முகமெல்லாம் தோகை கிழித்த கீறலாக இருக்கும்.

அந்தப் பேருந்தில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தவள் லாட்ரீஸ். அந்தச் சிரிப்புக்காகத்தான் மறுநாளும் பேருந்தை விட்டான் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

கால் ஓடியதை ஊரே பார்த்தது. தலை ஓடியதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அவன் ஆடியது அமெரிக்கக் கால்பந்து. வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் கொடுக்கும் திட்டப் புத்தகம் பைபிள் கனம் இருக்கும். அவன் ரிசீவர். ரிசீவர் என்றால் தூரமாக ஓடிப்போய் எறிந்த பந்தைப் பிடிக்க வேண்டியவன். தன் ஓட்டத்தை மட்டும் படித்தால் போதும். டெல்ரிக் களத்தில் நிற்கும் அத்தனை பேருடைய ஓட்டத்தையும் மனப்பாடம் செய்துவைத்திருப்பான். லாட்ரீஸ் புத்தகத்தை விரித்து ஏதாவது ஒரு பக்கத்தைச் சொல்வாள். அவன் நண்டு உடைத்துத் தின்றுகொண்டே ஒப்பிப்பான். ஆனால் வேகமானவனுக்கு மூளையும் இருக்கும் என்று யார் நினைக்கிறார்கள்? பத்திரிகைக்காரர்களில் ஒருத்தர்கூட எழுதவில்லை. எல்லாரும் காலைத்தான் எழுதினார்கள்.

கல்லூரியிலும் ஆடி முடித்தான். சம்பளம் கொடுக்கும் பெரிய அணிகள் கல்லூரிப் பையன்களைப் பொறுக்கிய அன்று, ஊர் சனம் மெட்டோயர் வீட்டுத் தொலைக்காட்சி முன்னால் கூடியிருந்தது. அவன் பெயரை யாரும் கூப்பிடவில்லை. ஆறிப்போன கும்போக் குழம்பைத் தின்றுவிட்டு, தோளைத் தட்டிவிட்டுக் கலைந்து போனார்கள். அடுத்த வாரம் வடக்கே பனி கொட்டும் ஊரிலிருந்து ஓர் அணி, வந்து ஓடிக் காட்டச் சொன்னது. ஓடிக் காட்டினான். கடைசி ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த இடத்தின் பெயரே கடைசி இடம். அடிபட்டு ஒரு வாரம் வெளியே உட்கார்ந்தால் போதும், வேறொரு ஊரிலிருந்து வேறொரு வேகக்காரன் வந்து சட்டையை மாட்டிக்கொள்வான்.

முதல் ஆட்டத்துக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரு மூளைப் பரிசோதனை உண்டு. திரையில் சில சொற்கள் வரும், மறையும். எவை வந்தன என்று சொல்ல வேண்டும். எண்களைப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். படத்தைக் காட்டினால் அது என்ன என்று சொல்ல வேண்டும். பின்னால் எப்போதாவது தலையில் அடிபட்டால் அதே பரிசோதனையை மறுபடி வைத்து, இதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அறைக்குப் போகும் வழியில் அணியின் மூத்த ஆட்டக்காரன் ஹோலிஸ் அவன் கழுத்தில் கையைப் போட்டு ஓரமாக இழுத்தான்.

"தம்பி, இன்னிக்கு மண்டுவா இரு. அறிவாளித்தனத்தைக் காட்டினா நாளைக்கு அடிபட்டதும் மாட்டிப்ப. இன்னிக்கே மண்டுன்னா, அடிபட்டாலும் அதே மண்டுதானே? உன்னை எவன் வெளிய உட்கார வைப்பான்?"

டெல்ரிக் மண்டுவாக இருந்தான். அதிலும் கெட்டிக்காரன், சந்தேகம் வராத அளவுக்கு இங்கொன்றும் அங்கொன்றும் சரியாகச் சொல்லி, மற்றதைக் கோட்டைவிட்டான்.

அந்தத் தந்திரம் பலித்தது. அதுதான் வினை. நடுக்களத்தில் பந்தைப் பிடிக்கத் தாவும்போது பக்கவாட்டிலிருந்து எருமை மாதிரி ஒருவன் வந்து மோதுவான். எழுந்து, தன் பக்கம் எது என்று தெரியாமல் எதிரணிப் பக்கம் போய் நிற்பான் டெல்ரிக். பரிசோதனை வைப்பார்கள். பழையதும் புதியதும் ஒன்றாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஓடுவான். எத்தனை தடவை என்று அவனும் எண்ணவில்லை, அவர்களும் எண்ணவில்லை.

பருவம் முடிந்து ஊருக்கு வரும்போதெல்லாம் முடிவெட்டும் கடையில் இந்தக் கதைதான். பூனைப் படத்தைப் பார்த்து அரை நிமிஷம் யோசித்து நாற்காலி என்று சொன்னதை நடித்தே காட்டுவான். கடை குலுங்கும். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் லாட்ரீஸ். ஒரு வருஷம் அவள் வயிற்றில் மகள் எலிஸ் இருந்தாள். சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தொடைச் சதை கிழிந்த வருஷம் அணி அவனை விட்டது. வேறு அணி எதுவும் கூப்பிடவில்லை. ஊருக்கு வந்து சரக்கு வண்டி விற்கும் கடையில் சேர்ந்தான். பழைய பெயருக்காகவே வண்டி வாங்க வந்தார்கள். முதலில் அவனுக்கு, வந்தவர்களின் பெயர் மறந்தது. பிறகு விலை மறந்தது. பெல்ரீவில் இருப்பதே ஒரே ஒரு பெரிய சாலைதான். அதில் வழி தெரியாமல் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தவனை ஷெரிஃபின் போலீஸ்காரன் வீட்டில் கொண்டுவந்து விட்டான். ஒருநாள் அடுப்பில் மீன் பொரிய எண்ணெய் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். சுவர் கரியாகிவிட்டது. ஏன் இப்படிச் செய்தாய் என்று எலிஸ் கேட்டதற்கு அலமாரிக் கதவைப் பிடுங்கி எறிந்தான். அதற்குப் பிறகு அவள் அப்பாவோடு தனியாக இருக்க மாட்டேன் என்றாள். பிள்ளை சொன்னதில் தப்பில்லை. லாட்ரீஸுக்கே பயமாக இருந்தது.

அவள் ஆற்றுக்கு அக்கரை மருத்துவமனையில் நர்ஸ். வேலையை விட்டால் வீடு நடக்காது. விடாவிட்டால் புருஷனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். பழைய ஆட்டக்காரர்களுக்கு ஓர் உதவித் திட்டம் இருந்தது. ஆட்டத்தில்தான் மூளை கெட்டது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் வைத்தியமும் நடக்கும், பகலில் கூட இருக்க ஓர் ஆளும் வருவார். இதிலென்ன சந்தேகம் இருக்க முடியும் என்றுதான் நகரத்துக்கு அழைத்துப் போனாள்.

திட்டத்துக்காக வேலை பார்க்கும் டாக்டர் ஓகார், அலட்டிக்கொள்ளாத பெண்மணி. டெல்ரிக்குக்கு அதே பரிசோதனையை மறுபடி கொடுத்து, பழைய தாளையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"இதுல எந்த இறக்கமும் இல்லம்மா. சேர்ந்த அன்னிக்கே உங்க வீட்டுக்காரர் இப்படித்தான் இருந்திருக்கார்."

அன்றைக்கு அவன் வேண்டுமென்றே தப்பாகச் செய்தான் என்று லாட்ரீஸ் சொன்னாள். திட்டப் புத்தகத்தைச் சொன்னாள், முடிவெட்டும் கடையைச் சொன்னாள். டாக்டர் கடைசிவரை கேட்டார்.

"இங்க வர்ற எல்லா மனைவியும் இதைத்தான் சொல்றாங்க."

குத்திக்காட்டவில்லை, அலுப்பாகத்தான் சொன்னார். அதுதான் லாட்ரீஸுக்கு அதிகமாக வலித்தது. ஆனாலும் ஒரு வழி சொன்னார். இன்னொரு பரிசோதனை இருக்கிறது; அதில் நடுநடுவே மிக எளிய கேள்விகள் வரும். மூளை உண்மையாகவே கெட்டவரும் அவற்றைச் சரியாகச் சொல்லிவிடுவார். நடிக்கிறவர்தான் அதையும் தப்பாகச் சொல்வார். டெல்ரிக் மனசார முயன்றார் என்று அதில் தெரிந்தால் போதும், பழைய தாளைத் தூக்கி ஓரமாக வைக்கச் சொல்லி வாதாடலாம். ஆனால் அந்தப் பரிசோதனை ஒரே ஒரு தடவைதான் தருவார்கள்.

அன்று சாயங்காலமே ஹோலிஸைத் தொலைபேசியில் பிடித்தாள். டெக்சஸில் மாடு வளர்த்துக்கொண்டிருந்தான். நீ சொல்லிக் கொடுத்ததை ஒரு தாளில் எழுதிக் கொடு, அது போதும் என்றாள்.

"லாட்ரீஸ், நானும் அதே திட்டத்துலதான் கேட்டுட்டு இருக்கேன். ஏமாத்தச் சொல்லிக் கொடுத்தவனே நான்னு எழுதினா என்னுது அன்னிக்கே போச்சு. என் பேரை எங்கயும் சொல்லிடாதே."

அவள் திட்டவில்லை. திட்ட வாயெடுத்தவளுக்கு, பின்னால் அவன் மனைவி ஒரு குழந்தையிடம் பேசுவதுபோல அவனைச் சாப்பிடக் கூப்பிட்டது கேட்டது. வைத்துவிட்டாள்.

பரிசோதனைக்குப் போன காலை நல்ல காலை. அப்படியும் சில நாட்கள் வரும். டெல்ரிக் தானாகவே சவரம் செய்துகொண்டான். பாலத்தின் மேல் போகும்போது கீழே போன படகின் பெயரைப் படித்துச் சொன்னான். நகரத்து மருத்துவமனை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, லாட்ரீஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"டெல், இன்னிக்கு விளையாட்டு வேணாம். தெரிஞ்சதைத் தெரிஞ்ச மாதிரி சொல்லு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. எனக்காக."

"உனக்காக," என்றான். அவன் கண்ணில் தெளிவிருந்தது. அவள் நம்பினாள்.

அவன் உள்ளே போனான். வரவேற்பறையில் இருந்த பத்திரிகை ஒன்றை அவள் தலைகீழாக வைத்துக்கொண்டிருந்ததை எதிரில் இருந்த அம்மாள்தான் கவனித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

கதவு திறந்தபோது அவன் நடையைத்தான் முதலில் பார்த்தாள். தோளை லேசாக ஆட்டிக்கொண்டு வரும் பழைய நடை. அதைப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது. அவளுக்கு நெஞ்சு பூரித்துப் போனது. அவன் நடைக்கூடத்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவள் காதோரம் குனிந்தான்.

"கவலைப்படாதே. அத்தனையும் தப்பா சொல்லிட்டேன், வேணும்னே. பூனையைக் காட்டினாங்க, நாற்காலின்னேன். ஞாயித்துக்கிழமை நான் ஆடறேன். எவனும் என்னை உட்கார வைக்க முடியாது."

அவனுக்குப் பின்னால் டாக்டர் ஓகார் தாளோடு வாசலில் நின்றிருந்தார். அவன் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது. கேட்ட மாதிரியே ஒரு பார்வை மட்டும் இருந்தது. எழுந்துபோய், இவருக்கு இது எந்த வருஷம் என்றே தெரியவில்லை, பழைய ஆட்டத்துக்குத்தான் இப்போது பரிசோதனை கொடுத்துவிட்டு வருகிறார் என்று லாட்ரீஸ் சொல்லியிருக்கலாம். எல்லா மனைவியும் சொல்வதுதான்.

டெல்ரிக் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஏதோ குறைவதாகப் பட்டது.

"ஏன் சிரிக்க மாட்டேங்கறே? இந்தக் கதைக்கு நீதானே முதல்ல சிரிப்பே."

லாட்ரீஸ் சிரித்தாள்.