நன்றாக விழுந்துவிட்ட போட்டோ

சைக்கிள் ஓட்ட நல்ல மாதம் எது என்று என்னைக் கேட்டால் ஐப்பசி என்பேன். மழைக்காலத்தில் எவளாவது சைக்கிளை வெளியே எடுப்பாளா என்று அம்மா திட்டுவாள். திருவண்ணாமலையில் சித்திரை வெயிலில் சைக்கிள் மிதித்துப் பார்த்தவர்களுக்குத்தான் ஐப்பசியின் அருமை தெரியும். மழை விட்ட காலையில் கிரிவலப் பாதையின் தார் கறுப்பாகப் பளபளக்கும். புளியமரங்கள் சொட்டிக்கொண்டே இருக்கும். மலையின் பாதி மேகத்துக்குள் போயிருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பௌர்ணமி தவிர மற்ற நாட்களில் அங்கே கூட்டம் கிடையாது. ஆடு மாடுகள், சில சாமியார்கள், நான், என் தோழி, அவ்வளவுதான்.

தோழி அடி அண்ணாமலைக்காரி. போளூரில் ஒரு பள்ளியில் தற்காலிக டீச்சர். நான் அதே ஊரில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். காலையில் அவள் கிராமத்திலிருந்தும் நான் டவுனிலிருந்தும் ஸ்டேஷனுக்கு சைக்கிளில் வந்து, ஸ்டாண்டில் விட்டுவிட்டு வேலூர் பக்கம் போகும் பாசஞ்சரைப் பிடிப்போம். மீட்டர் கேஜ் வண்டி. அவசரம் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. அவள் பரீட்சைத் தாள்களை மடியில் போட்டுக்கொண்டு திருத்துவாள். பிள்ளைகள் எழுதிய அபத்தமான பதில்களைச் சத்தமாகப் படிப்பாள். பக்கத்து சீட்டில் இருக்கும் பால்காரர்கள்கூடச் சிரிப்பார்கள். அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர். நிரந்தரமாகிவிடும் என்று வேறு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

என்னிடம் ஒரு கேமரா இருந்தது. அண்ணன் மெட்ராஸிலிருந்து வாங்கி வந்தது. கல்யாணம், காதுகுத்து என்றால்தான் போட்டோ எடுக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் நினைத்தார்கள். நான் ரயில் படியருகே வைத்த பால் கேன்களை எடுத்தேன். மழையில் நனைந்து நிற்கும் சைக்கிள் வரிசையை எடுத்தேன். வண்டி வளையும்போது ஜன்னல் கம்பிக்கு நடுவில் சிறுத்துப் போகும் மலையை எடுத்தேன். "இதையெல்லாம் எவன் பாப்பான்?" என்று அப்பா கேட்பார். எவனும் பார்க்க வேண்டாம், நான் பார்த்தால் போதும் என்பது என் திமிர்.

அந்த ஐப்பசியில்தான் அவளுக்கு ஓசூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை அங்கே ஒரு கம்பெனியில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. பெண் வேலைக்குப் போக வேண்டியதில்லை என்று அவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அதை ஒரு பெருமையாகச் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு எரிச்சல். இவள் அழுதும் பார்த்தாள், சாப்பிடாமல் இருந்தும் பார்த்தாள். அவள் அப்பா மசியவில்லை.

அப்போதெல்லாம் வரனுக்கு அனுப்பும் போட்டோவை ஸ்டுடியோவில்தான் எடுப்பார்கள். பின்னால் வரைந்த தோட்டம், கையில் பிளாஸ்டிக் ரோஜா, முகத்தில் ஸ்டுடியோக்காரர் பூசிய கூடுதல் நிறம். ஓசூர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். டச்சிங் செய்த போட்டோ வேண்டாம், வீட்டில் சாதாரணமாக எடுத்த ஒன்று இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். உடனே அவள் அப்பாவுக்கு என் ஞாபகம் வந்துவிட்டது. என்னிடம் சொல்லி எடுத்து வரும்படி அவளை அனுப்பினார்.

அவள் ரயிலில் என் காதோரம் குனிந்து சொன்னாள்.

"ஏய், நீதான் எடுக்கப் போற. நான் நல்லா விழவே கூடாது. போட்டோவப் பாத்ததும் வேணாம்னு சொல்லிடணும், புரியுதா?"

"அதுக்கு நான் எதுக்குடி? உங்க சித்தப்பா எடுத்தாலே தலை இல்லாமதான் விழும்."

"வெளையாடாத. இது ஒண்ணுதான் எனக்கு வழி."

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ஊர்ப் பக்கம் கிரிவலப் பாதையில் சந்தித்தோம். தலையில் எண்ணெய் வழிய வழியத் தேய்த்து, அவள் அம்மாவின் பழைய சாயம் போன புடவையைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வந்தாள். நானும் என் பங்குக்குத் தரையில் உட்கார்ந்து, அவள் மூக்குத் துவாரமே பெரிதாகத் தெரியும்படி கீழிருந்து ஒன்று எடுத்தேன். வெளிச்சத்தை அவள் முதுகுக்குப் பின்னால் வைத்து, முகம் கரிக்கட்டையாக விழும்படி இன்னொன்று எடுத்தேன். இரண்டும் படு கேவலமாக வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே கெடுத்து எடுப்பதும் ஒரு வேலைதான்.

மூன்றாவதாக ஒன்று எடு என்று சொல்லி, கண்ணை மாறுகண்ணாக்கி வாயைக் கோணினாள். பிறகு சைக்கிள் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு, "இதப் பாத்தான்னா மாப்பிள்ள ஓசூர்ல நிக்க மாட்டான், பெங்களூருக்கே ஓடிடுவான். வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு ஓடுவான் பாரு" என்றாள். சொல்லிவிட்டு அவளாலேயே தாங்க முடியவில்லை. சைக்கிள் மேல் சரிந்து சரிந்து சிரித்தாள். மேகம் விலகி வெயில் அவள் முகத்தில் விழுந்தது. பின்னால் மலை முழுசாகத் தெரிந்தது. என் விரல் என்னைக் கேட்கவில்லை, அழுத்திவிட்டது.

அது எங்களுக்குள் இருக்கட்டும் என்றுதான் வைத்திருந்தேன். ரோலை டவுனில் ஒரு ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்தேன். பிரிண்ட் வந்ததும் முதல் இரண்டை அவள் அப்பாவிடம் கொடுப்பது, மற்றதை நான் எடுத்துக்கொள்வது என்பது எங்கள் திட்டம். வாங்க வேண்டிய மாலையில் நல்ல மழை. ஆரணி ரோடு ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் எங்கோ தண்டவாளத்தில் தண்ணீர் என்று பாசஞ்சர் வரவே இல்லை. போளூர் பிளாட்பாரத்தில் இருவரும் வேர்க்கடலை தின்றுகொண்டு காத்திருந்தோம். மகிழ்ச்சியாகத்தான் இருந்தோம்.

ஸ்டுடியோக்காரரும் அடி அண்ணாமலைக்காரர். நம் ஊர்ப் பெண், வரன் விஷயம், மழையில் பிள்ளைகள் எப்போது வருமோ என்று நல்ல மனசோடு கவரை எடுத்துக்கொண்டு நேராக அவள் வீட்டுக்கே போய்விட்டார். "பொண்ணு போட்டோ அருமையா விழுந்திருக்குதுங்க" என்று அவரே ஒன்றைத் தேர்ந்தெடுத்தும் கொடுத்தாராம். எங்கள் ஊரில் யாருக்கும் யார் வேலையையும் செய்து கொடுக்காமல் இருக்க முடியாது. நாங்கள் ஊர் வந்து சேர்வதற்குள் போட்டோ தபாலில் போய்விட்டது.

மறுநாள் ரயிலில் அவள் சண்டை போடுவாள் என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "நீ ஏண்டி அவ்ளோ நல்லா எடுக்கற?" என்று மட்டும் கேட்டாள்.

தை மாதம் கல்யாணம். வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அவள் சைக்கிளைத் தம்பி எடுத்துக்கொண்டான். அவள் இருந்த இடத்துக்கு வேறொரு டீச்சர் வந்து, இரண்டு வருஷத்தில் நிரந்தரமும் ஆனாள். அந்தப் பெண்ணும் அதே பாசஞ்சரில்தான் வந்தாள். பாவம், என்ன தப்பு செய்தாள்? ஆனாலும் அவளோடு நான் முகம் கொடுத்துப் பேசியதில்லை. ஐப்பசி வந்தால் தனியாகவே மலையைச் சுற்றினேன். கேமராவும் கூடவே வரும். ஆட்களை எடுப்பதை எப்போதோ விட்டிருந்தேன். பிறகு தண்டவாளத்தை அகலமாக்குகிறோம் என்று ரயிலையும் நிறுத்தினார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு போளூர் போனேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கார்த்திகையில், தீபத்துக்குச் சில நாள் முன்பு, கிரிவலப் பாதையில் என் தோழி எதிரே நின்றாள். சதை போட்டிருந்தாள். கூடக் கணவரும் ஒரு பெண் குழந்தையும். பேச ஆயிரம் இருக்கும் என்று நினைத்தேன். சௌக்கியமா, உடம்பு எப்படி, மழை கம்மியா ஜாஸ்தியா என்பதோடு நின்றுவிட்டது.

கணவர் நல்ல மனிதர். அது பார்த்த உடனே தெரிந்தது. குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, அவள் பையையும் அவரே சுமந்துகொண்டு வந்தார்.

"நீங்கதான் அந்தப் போட்டோ எடுத்தவங்கன்னு சொல்லியிருக்கா" என்று பர்ஸைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்த போட்டோ ஓரமெல்லாம் தேய்ந்து, நடுவில் மடிப்பு விழுந்திருந்தது. "இந்தச் சிரிப்பப் பாத்துதாங்க நான் வேற பொண்ணே பாக்க வேணாம்னுட்டேன்."

நான் தலையாட்டினேன்.

"ரொம்ப நாளா உங்கள ஒண்ணு கேக்கணும்னு இருந்தேங்க. அன்னைக்கு என்ன சொல்லி அவள இப்படிச் சிரிக்க வெச்சீங்க? நானும் என்னென்னவோ சொல்லிப் பாத்துட்டேன். இவ இப்படிச் சிரிச்சு நான் ஒரு தடவகூடப் பாத்தது இல்ல."

குறையாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவள் குழந்தையின் பாவாடை நாடாவைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டாள். இத்தனை வருஷமாக நான் அவளுக்காக மட்டும்தான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். உங்களை நினைத்துத்தான் அவள் அப்படிச் சிரித்தாள் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வேன்?

"ஞாபகம் இல்லீங்க" என்றேன்.